இலங்கை மின்சாரத்தின் சூழல் கணக்கு: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூரையில் சோலர் பூட்டுவதா, மின்சார கார் வாங்குவதா, மன்னார்க் காற்றாலைக்கு ஏன் இவ்வளவு எதிர்ப்பு என்று எந்தப் பேச்சு எழுந்தாலும் கடைசியில் "எந்தக் கரண்ட் சுத்தம்?" என்ற இடத்தில்தான் வந்து நிற்கிறது. அதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்பவரை நம்ப வேண்டாம். இலங்கையின் மின்னுற்பத்தி முழுவதையும் எடுத்து, அதன் நல்லது கெட்டதை வாழ்க்கைவட்ட முறையில் எப்படிக் கணக்கிடுகிறார்கள், அந்தக் கணக்கு எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதைக் கீழே சொல்லியிருக்கிறோம்.

வாழ்க்கைவட்ட மதிப்பீடு என்றால் என்ன?

ஒரு பொருளைப் பயன்படுத்தும்போது வரும் புகையை மட்டும் பார்க்காமல், அதற்கான மூலப்பொருளைத் தோண்டியது, ஏற்றி இறக்கியது, கட்டியது, ஓட்டியது, கடைசியில் கழற்றி வீசியது வரை எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பதுதான். ஐ.எஸ்.ஓ. 14040, 14044 ஆகிய தரநிலைகள் இதற்கான விதிகளை வகுத்திருக்கின்றன. மின்சாரத்துக்கு அளவுகோல் ஒரு கிலோவாற் மணி, அதாவது பில்லில் வரும் ஒரு யூனிட். அந்த ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு பச்சைவீட்டு வாயு (காபனீரொட்சைட்டுக்குச் சமமாக மாற்றிச் சொல்வது, சுருக்கமாகக் "காபன்"), எவ்வளவு கந்தகவீரொட்சைட்டு, எவ்வளவு நுண்தூசி, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நிலம் என்று தனித்தனியாகக் கணக்கு வரும். செய்திகளில் வருவது பெரும்பாலும் முதலாவது மட்டும். மற்றவை பேசப்படாததற்குக் காரணம் அவை சிறியவை என்பதல்ல. அவற்றை ஓர் எண்ணில் சொல்வது கடினம், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்துக் கரண்ட் சுன்னாகத்தில் இருந்துதானே வருகிறது?

இல்லை, இப்போது அப்படிச் சொல்ல முடியாது. போர்க்காலத்திலும் அதற்குப் பின் சில ஆண்டுகளும் குடாநாடு தேசிய மின்வலையோடு இணைந்திருக்கவில்லை. சுன்னாகத்தில் நின்றவை போல எண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர்கள்தான் கைகொடுத்தன. பிறகு வவுனியா, கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் வரை 132 கிலோவோற் வழித்தடம் வந்தது. அன்றிலிருந்து நல்லூரில் எரியும் பல்பில் விக்டோரியா அணையின் தண்ணீரும் இருக்கிறது, கற்பிட்டிப் பக்கத்து நுரைச்சோலை அனல் மின்னிலையத்தின் நிலக்கரியும் இருக்கிறது. இது இந்த நிலையத்துக் கரண்ட், அது அந்த நிலையத்துக் கரண்ட் என்று கம்பியில் பிரிக்க வழியில்லை. ஆகவே வலையில் இருக்கும் எல்லோருக்கும் நாட்டுச் சராசரிதான் கணக்கு. இதில் ஒரு சங்கடம் உண்டு: கரண்டைப் பாவிப்பவர் ஓரிடத்தில், அதற்கான கறை விழுவது இன்னோரிடத்தில். நாம் அனுபவிக்கும் குளிர்ச்சாதனத்தின் சாம்பல் கற்பிட்டிக்காரரின் முற்றத்தில் விழுகிறது.

1990க்குப் பின் கரண்ட் இல்லாமல் வாழ்ந்தவர்கள் சிலர் "அப்போது காற்றாவது சுத்தமாக இருந்தது" என்பார்கள். ஜாம் போத்தல் விளக்கில் மண்ணெண்ணெய் எரித்துப் படித்த பிள்ளைகளின் மூக்குத் துவாரம் காலையில் எப்படி இருந்தது என்று அவர்களிடமே கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு காபன்?

காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2014இல் வெளியிட்ட நடுத்தர மதிப்புகளை எடுத்துக்கொள்வோம். வாழ்க்கைவட்டம் முழுவதற்கும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி 820 கிராம், இயற்கை வாயு 490, கூரைச் சோலர் 41, நீர்மின் 24, நிலத்தில் நிற்கும் காற்றாலை 11. எண்ணெய் நிலையங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. இயந்திரத்தின் வகை, வயது, எரிபொருள் ஆகியவற்றைப் பொறுத்து 650இல் இருந்து 850 வரை போகும். இங்கே 750 என்று வைத்துக்கொள்வோம்.

இனிக் கலவை. இலங்கையில் இது ஆண்டுக்கு ஆண்டு மாறும். விளக்கத்துக்காக ஒரு முழு எண் கலவையைப் பிடிப்போம்: நீர் 35 வீதம், நிலக்கரி 30, எண்ணெய் 15, சூரியனும் காற்றும் சேர்ந்து 20. பெருக்கிக் கூட்டினால் ஏறத்தாழ 373 கிராம் வருகிறது. அதில் 246 கிராம் நிலக்கரியின் பங்கு. உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத ஒன்று காபனில் மூன்றில் இரண்டு பங்கைக் கொண்டுவருகிறது. நீரும் வெயிலும் காற்றும் சேர்ந்து பாதிக்கு மேல் கரண்டைத் தந்துவிட்டு, காபன் கணக்கில் 15 கிராமைத் தாண்டவில்லை.

இது நிலைய வாசலில் வரும் கணக்கு. வீடு வந்து சேர்வதற்குள் கம்பிகளிலும் மின்மாற்றிகளிலும் பத்து வீதத்துக்குச் சற்றுக் குறைவாக வீணாகிறது. அதையும் சேர்த்தால் வீட்டில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 410 கிராம். மாதம் 90 யூனிட் எடுக்கும் வீடு 37 கிலோ அளவில் வெளிவிடுகிறது. 16 லீற்றர் பெற்றோலை எரித்தால் வரும் அளவு அது.

மழை பெய்தால் இந்த எண் குறையுமா?

நன்றாகக் குறையும். இலங்கை மின்சாரத்தின் உண்மையான சுபாவமே இதில்தான் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

அதே முறையில் ஒரு நல்ல மழை ஆண்டை எடுப்போம்: நீர் 45, நிலக்கரி 27, எண்ணெய் 8, மற்றவை 20. யூனிட்டுக்கு 298 கிராம்தான். வரண்ட ஆண்டில் நீர் 25, நிலக்கரி 35, எண்ணெய் 22, மற்றவை 18 என்று வைத்தால் 463 கிராம். நாம் ஒரு ஸ்விற்சையும் மாற்றவில்லை. அதே விசிறி, அதே பிரிட்ஜ். மலையில் மழை பொய்த்ததற்கு வலிகாமத்து வீட்டின் காபன் ஒன்றரை மடங்காகிறது. ஆகவே ஏதோ ஓர் ஆண்டின் எண்ணை எடுத்து வைத்து "இலங்கை முன்னேறிவிட்டது" அல்லது "கெட்டுவிட்டது" என்று எழுதினால், அது எந்த மழை ஆண்டு என்று முதலில் கேட்க வேண்டும்.

மாதக் கணக்கிலும் இது உண்டு. குடாநாட்டில் மாரி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிறது. லக்சபான பக்கத்து நீர்த்தேக்கங்கள் பெரிதும் நம்பியிருப்பது தென்மேற்குப் பருவ மழையை. அதாவது நம் கிணறு நிரம்புவதும் அங்குள்ள காசல்ரீ நீர்த்தேக்கம் நிரம்புவதும் ஒரே காலம் அல்ல. மாசி முதல் சித்திரை வரைதான் நாட்டுக்கே கஷ்டமான காலம். தேக்கங்கள் வற்றிக்கொண்டு போகும், வெக்கையில் விசிறியும் ஏசியும் நிற்காது, எண்ணெய் நிலையங்கள் ஓடும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வைகாசியில்தான் பலமாக எழும்பும், எனவே காற்றாலையும் அந்த மாதங்களில் அவ்வளவு உதவாது. உதவுவது வெயில் மட்டும். சோலரின் மதிப்பைப் பேசுகிறவர்கள் இந்தப் பொருத்தத்தை இன்னும் அழுத்திச் சொல்லலாம்.

நுரைச்சோலைக்கு நிலக்கரி கப்பலில் வருகிறது. அந்தப் பயணம்தான் பெரிய மாசா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. தென்னாபிரிக்காவில் இருந்தோ இந்தோனேசியாவில் இருந்தோ வந்தாலும், கப்பல் புகை மொத்தத்தில் சிறு பகுதிதான். பத்தில் ஒன்பது பங்குக்குக் கிட்டவாக உலையிலேயே வெளியேறுகிறது. மீதியில் சுரங்கத்தில் கசியும் மெதேனுக்கும் இடம் உண்டு.

900 மெகாவாற் திறனுள்ள இந்த நிலையத்தின் முதல் அலகு 2011இல் ஓடத் தொடங்கியது. மூன்றும் முடிந்தது 2014இல். கந்தகத்தைக் கடல் நீரால் கழுவி எடுக்கும் அமைப்பு அங்கே இருக்கிறது. பறக்கும் சாம்பலில் ஒரு பகுதி சீமெந்துக்குப் போகிறது. அது வாழ்க்கைவட்டக் கணக்கில் நல்ல புள்ளிதான், ஏனென்றால் அந்த அளவுக்குச் சுண்ணக்கல்லைச் சுடுவது மிச்சமாகிறது. ஆனாலும் குவித்து வைத்த கரித் தூளும் சாம்பலும் காற்றுக் காலத்தில் பறக்கின்றன. தோட்டக்காரரும் கரையோர மீனவரும் அதைப் பற்றி வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 820 கிராம் என்ற எண்ணுக்குள் மிளகாய்ச் செடியின் இலையில் படிந்த தூசி இல்லை.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது இந்தக் கணக்கில் வருமா?

பெரும்பாலும் வராது. இந்தப் பக்கத்தில் நாம் ஊன்றிச் சொல்ல விரும்புவதும் இதைத்தான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: சுன்னாகத்தில் இயங்கிய ஒரு தனியார் அனல் மின்னிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கண்டதாக மக்கள் முறையிட்டார்கள். வலிகாமத்தில் பல குடும்பங்கள் சொந்தக் கிணறு இருந்தும் பவுசர் தண்ணீருக்குக் காத்திருந்தன. விடயம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2019இல் அந்த நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மாசாக்கியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைக்கு இலங்கையில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் வழக்குகளில் இதுவும் ஒன்று.

இது ஏன் கணக்கில் வராது? வாழ்க்கைவட்ட மதிப்பீடு செய்பவர்கள் ஒவ்வொரு நிலையத்துக்கும் போய் அளப்பதில்லை. "டீசல் மின்னிலையம், இத்தனை மெகாவாற்" என்ற பொதுத் தரவுத் தொகுப்பில் இருந்து எண்களை எடுக்கிறார்கள். அந்தத் தொகுப்பில் கழிவு எண்ணெய் முறையாகச் சேர்க்கப்பட்டு, முறையாக அகற்றப்படுகிறது. ஒழுங்காக நடக்கும் நிலையத்தின் சராசரி அது. ஒழுங்கு தவறியதற்கு அதில் பெட்டி இல்லை.

அதோடு நிலம். ஆறு இல்லாத குடாநாட்டில் குடிப்பதும் இறைப்பதும் சுண்ணக்கல் பாறைக்குள் தங்கும் மழைநீரைத்தான். அந்தக் கல்லில் வெடிப்பும் குழியும் நிறைய, மேலே ஊற்றியது வடிகட்டப்படாமலே கீழே போய்விடும். தடித்த களிமண் நிலத்தில் மேலோடு நிற்கக்கூடிய ஒரு பீப்பாய் எண்ணெய் இங்கே அயலட்டைக் கிணறுகளுக்கெல்லாம் போய்ச் சேரலாம். பொதுத் தரவில் "நிலத்தடி நீர்" என்று ஒரு வரி இருக்கிறது, ஆனால் அது சுன்னாகத்து நிலம் அல்ல.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குடாநாட்டுக் கிணறுகளில் எல்லா மாசும் மின்னிலையத்தால் வந்ததல்ல. தோட்டத்துப் பசளையாலும் மலசலகூடக் குழிகளாலும் வரும் நைத்திரேற்று அதைவிடப் பரவலான, பழைய பிரச்சினை.

நீர்மின் சுத்தம்தானே?

காபன் கணக்கில் ஆம். வெப்ப வலய நீர்த்தேக்கங்களில் மூழ்கிய மரஞ்செடி அழுகி மெதேன் வரும் என்பது உண்மை. ஆனால் மலைப் பள்ளத்தாக்கில் ஆழமாக, குறுகலாகத் தேங்கும் நம் நீர்த்தேக்கங்களில், பரந்து கிடக்கும் அமேசன் தேக்கங்கள் அளவுக்கு அதை எதிர்பார்க்க வேண்டியதில்லை. விலை கொடுத்தது வேறு இடத்தில். விக்டோரியாவுக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது, மவுசாகலைக்காகப் பழைய மஸ்கெலியா போனது. வரண்ட காலத்தில் நீர் இறங்கும்போது மஸ்கெலியாவில் பழைய கோயில் தலைகாட்டும். ஊர் போனதைக் கிராமில் எழுத முடியாது.

மன்னார்க் காற்றாலைகளுக்கு ஏன் எதிர்ப்பு? அதுதானே மிகக் குறைந்த காபன்?

யூனிட்டுக்கு 11 கிராம் என்பதில் சந்தேகம் இல்லை. கோபுரத்தின் உருக்கும் அத்திவாரத்தின் கொங்கிறீற்றும்தான் அதில் பெரும்பகுதி. கட்டுவதற்குச் செலவான சக்தியை ஓராண்டுக்குள் திருப்பித் தந்துவிடும். மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலையில் 30 காற்றாடிகள், 103.5 மெகாவாற்.

ஆனால் மன்னார் மத்திய ஆசியப் பறவைப் பாதையில் இருக்கிறது. மாரியில் பூநாரை உட்பட ஆயிரக்கணக்கில் வலசைப் பறவைகள் அங்கே இறங்குகின்றன. தாழ்ந்த மணல் தீவில் பாதை போட்டு அத்திவாரம் வெட்டினால் வெள்ளம் வடியும் வழி மாறுகிறது என்பது ஊரவரின் முறைப்பாடு. அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் அமைக்கும் திட்டத்தில் இருந்து 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதன் பிறகும் மன்னாரில் வேறு காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கினார்கள்.

எதிர்ப்பவர்களைக் "காலநிலைக்கு எதிரிகள்" என்று சொல்வது அநியாயம். காற்றாலையே வேண்டாம் என்று வாதிடுவதும் சரியில்லை. எங்கே நிறுத்துவது, யாரைக் கேட்டு நிறுத்துவது என்பதுதான் கேள்வி. ஒரே காற்றாடி, பளையில் நின்றாலும் மன்னாரில் நின்றாலும் 11 கிராம்தான். பறவைக்கும் வெள்ளத்துக்கும் அது ஒன்றல்ல.

சோலர் தகடு செய்யவே நிறைய நிலக்கரி எரிக்கிறார்களாமே?

எரிக்கிறார்கள். சிலிக்கனைச் சுத்திகரிக்க ஏராளமான மின்சாரம் வேண்டும். உலகத் தகடுகளில் பெரும்பங்கு சீனாவில் செய்யப்படுகிறது, அங்கே மின்சாரத்தில் நிலக்கரி அதிகம். 41 கிராமில் பெரும்பகுதி அதுதான். கூரைக்கு ஏறிய பிறகு அநேகமாக ஒன்றும் இல்லை.

கணக்குப் பார்ப்போம். யாழ்ப்பாணத்து வெயிலில் ஒரு கிலோவாற் தகடு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 யூனிட் தரும் என்று எடுக்கலாம். 5 கிலோவாற் என்றால் 7,000. இருபத்தைந்து ஆண்டில், தகடு மெல்ல மெல்லக் களைப்பதையும் கழித்தால், 1,60,000 யூனிட் அளவு. 41 கிராம் வீதம் மொத்தச் சுமை ஆறரைத் தொன். மேலே சொன்ன 373 கிராம் கலவையை அது விலக்குகிறது என்றால் ஆண்டுக்கு 2.6 தொன் மிச்சம். இரண்டரை ஆண்டில் கடன் தீர்ந்துவிடும். இன்றைய தகடுகள் 2014இன் தகடுகளை விடக் குறைந்த சக்தியில் செய்யப்படுகின்றன, எனவே அதற்கும் முன்பே தீரலாம்.

இங்கே ஓர் "ஆனால்" இருக்கிறது. சோலர் எதை விலக்குகிறது என்பது நேரத்தைப் பொறுத்தது. வேலை நாள் நண்பகலில் எண்ணெய் நிலையத்தை நிறுத்த உதவினால் ஆதாயம் அதிகம். நீர்த்தேக்கத்துத் தண்ணீரைப் பகலில் பிடித்து வைத்து இரவில் விட உதவினாலும் அதே ஆதாயம்தான், ஏனென்றால் இரவில் எண்ணெய் மிச்சமாகும். ஆனால் ஞாயிறு நண்பகலில், தேவை படுத்துக் கிடக்கும்போது, கூடுதல் சோலர் யூனிட்டை வாங்க ஆளில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏற நாடே இருண்டது நினைவிருக்கும். குரங்கைச் சொல்லிச் சிரித்தோம். அந்த நேரத்தில் வலையில் சோலர் பங்கு மிக அதிகமாகவும், சுழலும் கனத்த இயந்திரங்கள் குறைவாகவும் இருந்ததால் சிறு தடுமாற்றத்தைக்கூட வலை தாங்கவில்லை என்பதுதான் பின்னால் வந்த விளக்கம். அந்த ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டதும் இதனால்தான்.

அப்படியென்றால் பற்றரிதான் வழியா?

ஓரளவுக்கு. பற்றரி செய்யவும் லித்தியம், நிக்கல், மின்சாரம் எல்லாம் வேண்டும், யூனிட்டுக்கான சுமை கூடும். ஆனாலும் எண்ணெயை விலக்கும் இடத்தில் அது தாராளமாக ஈடுகொடுக்கும். நல்ல எடுத்துக்காட்டு நம் தீவுகள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் காற்று, சூரியன், பற்றரி, அவசரத்துக்கு டீசல் எல்லாம் கலந்த திட்டம் ஒன்று 2024இல் ஒப்பந்தமானது. டீசலைப் படகில் ஏற்றிப்போய் ஓட்டும் இடத்தில் ஒவ்வொரு யூனிட்டின் சுமையும் நாட்டுச் சராசரியை விட அதிகம். அங்கே பற்றரிக்கு வாதாடவே தேவையில்லை. பழுதான பற்றரியும் தகடும் தீவில் இருந்து திரும்பி எங்கே போகும் என்பதை மட்டும் இப்போதே எழுதி வைப்பது நல்லது.

இயற்கை வாயு வந்தால் தீர்வா?

நிலக்கரியை விடப் புகையும் தூசியும் குறைவு. ஆனால் 490 கிராம் என்பது குறைந்த எண் அல்ல, குழாயிலும் கப்பலிலும் மெதேன் கசிந்தால் அதுவும் ஏறும்.

இந்தக் கரண்டில் மின்சார கார் ஓட்டுவதில் பயன் உண்டா?

உண்டு. 100 கிலோமீற்றருக்கு 15 யூனிட் எடுக்கும் கார், 410 கிராம் வீதம் 6 கிலோ அளவு வெளிவிடும். அதே தூரத்துக்கு 6 லீற்றர் குடிக்கும் பெற்றோல் கார் எரிப்பில் மட்டும் 14 கிலோ, எண்ணெய் எடுத்துச் சுத்திகரித்த சுமையோடு 16, 17. பற்றரி செய்த சுமை மூன்று தொன் என்றால், 30,000 கிலோமீற்றர் ஓடியதும் சமன். நிறைய ஓடுபவருக்கு விரைவில் சரிவரும். வாரத்தில் ஒருமுறை கோயிலுக்கும் சந்தைக்கும் எடுப்பவர் அதை வீட்டில் விட்டுவிட்டுச் சைக்கிளில் போகலாம்.

நாளின் எந்த நேரத்தில் கரண்ட் எடுப்பது நல்லது?

மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை தவிர்க்கலாம். நாடு முழுவதும் ஒரே நேரத்தில் விளக்குப் போட்டு, சமைத்து, ரீவி பார்க்கும் நேரம் அது. அப்போது கூடுதலாகத் தேவைப்படும் யூனிட் பெரும்பாலும் நீர்த்தேக்கத்தில் இருந்தோ எண்ணெயில் இருந்தோ வருகிறது. நீர் குறைந்த மாதங்களில் எண்ணெய்தான். நேரத்துக்கேற்ற கட்டணத்தில் இருப்பவருக்கு அந்த நேரம் விலையும் அதிகம்.

தோட்டத்து மோட்டாரை வெயில் நேரத்தில் போட்டால் சோலர் யூனிட் கிடைக்கும், ஆனால் கொளுத்தும் வெயிலில் இறைத்தால் தண்ணீர் ஆவியாகும். விடிகாலையில் இறைத்தால் தண்ணீர் மிச்சம், ஆனால் அப்போது ஓடுவதில் நிலக்கரியின் பங்கு அதிகம். இரண்டுக்கும் நடுவில் காலை எட்டு, ஒன்பது மணி பொருந்தும். பகலில் மேல்தாங்கியை நிரப்பி வைத்து, பொழுது சாய்ந்ததும் சொட்டு நீர்க் குழாயில் விடக்கூடியவர்கள் இரண்டையும் மிச்சம் பிடிக்கலாம். உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தை நண்பகலில் போடுங்கள், ஞாயிறு என்றால் இன்னும் நல்லது. காருக்குச் சார்ஜ் போடுவதும் வீட்டில் நிற்கும் நாளில் பகலிலேயே. சோலர் பூட்டாத வீட்டுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் பக்கத்து வீட்டுக் கூரையில் மிஞ்சுவது உங்கள் கம்பியில்தான் வந்துகொண்டிருக்கும்.